முனைவர் பட்ட ஆய்வுத் தரவு: முதல் மாதம் தொடங்கி வெளியேறும் நாள் வரை செய்ய வேண்டியவை

பிஎச்டி சேர்ந்தவுடன் நூலகம் எங்கே, உதவித்தொகைப் படிவம் எங்கே, மேற்கோள் எப்படிக் கொடுப்பது என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். அடுத்த நான்கைந்து வருடம் சேர்க்கப்போகும் தரவை எங்கே வைப்பது, என்ன பெயரில் வைப்பது, யாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஆய்வேடு எழுதும் கடைசி வருடத்தில் எல்லாம் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். நான் அந்த வருடத்தில் முட்டி மோதித் தெரிந்துகொண்டதை, எந்த வரிசையில் செய்தால் சிரமம் இல்லையோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

இதில் சில வேலைகளை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம். கோப்புப் பெயரை மூன்றாம் வருடத்தில்கூட மாற்றலாம், எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். ஒப்புதல் படிவமும் மூலத் தரவும் அப்படியில்லை. தொடக்கத்தில் விட்டால் விட்டதுதான். நேரம் குறைவாக இருந்தால் 2, 4, 7 ஆகிய மூன்று படிகளையாவது இந்த வாரமே படித்துச் செய்துவிடுங்கள்.

1. இரண்டு பக்கத் தரவுத் திட்டம்

எப்போது: முதல் மாதம். செலவு: இல்லை.

தரவு மேலாண்மைத் திட்டம் என்பது இதன் முழுப்பெயர், டிஎம்பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நிதி தரும் அமைப்புகள் பல இதைக் கட்டாயம் ஆக்கிவிட்டன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலிருந்து விண்ணப்பத்தோடேயே கேட்கிறது. உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுங்கள். டிஎம்பி டூல், டிஎம்பி ஆன்லைன் என்ற இரண்டு இணையக் கருவிகளும் கேள்வி கேட்டுக் கேட்டு உங்களை எழுத வைக்கும். வழவழ கொழகொழ என்று பதில் எழுதினால் பயன் இல்லை. "தரவு பாதுகாப்பாகச் சேமிக்கப்படும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாமல் எந்த இடத்தில், எத்தனை பிரதி, யாருக்கு அனுமதி என்று எழுதுங்கள்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடி தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிவு செய்த ஒரு மணி நேர வேவ் ஒலிக்கோப்பு ஏறத்தாழ 635 மெகாபைட். 40 நேர்காணல் என்றால் 25 ஜிகாபைட். நுண்ணோக்கிப் படங்களோ காணொளிகளோ சேர்ந்தால் டெராபைட்டில் போய் நிற்கும். இந்த எண் கையில் இருந்தால்தான் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவிடம் இடம் கேட்க முடியும். கேட்கும்போது கூடவே மூன்று கேள்வி: எவ்வளவு இடம் தருவீர்கள், அதற்குப் பேக்கப் உண்டா, நான் வெளியேறிய பிறகு கணக்கு எத்தனை நாள் இருக்கும். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

நெறியாளரிடமும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. தரவு யாருக்குச் சொந்தம், நீங்கள் போன பிறகு அதை வைத்து யார் கட்டுரை எழுதலாம், பெயர் எப்படி வரும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் வருடத்தில் இது சாதாரணக் கேள்வி, கடைசி வருடத்தில் சண்டை. பேசி முடித்ததும் "நாம் பேசியது இதுதானே" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

2. அறநெறிக் குழுவும் ஒப்புதல் படிவமும்

எப்போது: முதல் நேர்காணலுக்கோ முதல் மாதிரிக்கோ குறைந்தது சில மாதங்கள் முன்னதாக. செலவு: பெரும்பாலும் பொறுமை மட்டும்.

மனிதர்களிடமிருந்து தரவு வாங்குபவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். துறையில் கைமாறிக்கொண்டே வரும் பழைய படிவ மாதிரிகளில் இரண்டு வாக்கியங்கள் இருக்கும்: "இத்தகவல் இந்த ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும்", "ஆய்வு முடிந்ததும் பதிவுகள் அழிக்கப்படும்". படிக்க நல்லபடியாக, பொறுப்பாக இருக்கும். ஆனால் இதில் கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு இதழ் கேட்டாலும் நிதி தந்தவர் கேட்டாலும் தரவைக் களஞ்சியத்தில், அதாவது ஆய்வுத் தரவை மற்றவர்களும் பயன்படுத்தும்படி சேமித்துவைக்கும் தளத்தில், சேர்க்க முடியாது. நான் தரவைச் சேர்க்கப் போனபோது களஞ்சியத்தில் முதலில் கேட்டது ஒப்புதல் படிவத்தின் வெற்றுப் பிரதியைத்தான். அதில் பகிர்வதற்கான வாக்கியம் இல்லாவிட்டால் கோப்புகள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் திரும்பித்தான் வரும். மறுபடி ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமா?

ஆகவே படிவத்தில் தனித்தனிக் கட்டங்களாகக் கேளுங்கள்: கலந்துகொள்ளச் சம்மதம், ஒலிப்பதிவுக்குச் சம்மதம், பெயர் சொல்லாமல் மேற்கோள் காட்டச் சம்மதம், அடையாளம் நீக்கிய தரவைக் களஞ்சியத்தில் வைத்து மற்ற ஆய்வாளர்கள் பயன்படுத்தச் சம்மதம். ஒருவர் மூன்றுக்குச் சரி சொல்லி நான்காவதுக்கு வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர் உரிமை. யார் எதற்குச் சம்மதித்தார் என்பதை ஓர் அட்டவணையில் அன்றே ஏற்றுங்கள். விலக விரும்பினால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் தகவல் தாளில் எழுதுங்கள், ஏனென்றால் பகுப்பாய்வு முடிந்த பிறகு ஒருவருடைய தரவை மட்டும் உருவி எடுப்பது கஷ்டம்.

அறநெறிக் குழுவின் (ஆய்வால் பங்கேற்பவருக்குப் பாதிப்பு வருமா என்று பார்த்து அனுமதி தரும் குழு) அனுமதி வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். படிவத்தில் ஒரு வரி மாற்றினாலும் திருத்த விண்ணப்பம் போட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முன்னால் எடுத்த தரவைப் பொதுவாகப் பயன்படுத்த விடமாட்டார்கள், "சும்மா ஒரு முன்னோட்டம்தான் எடுத்தேன்" என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

அடையாளம் நீக்குவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரை எடுத்துவிட்டு "கு07" என்று எண் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதவி, வயது, ஊர் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். செல்பேசியில் எடுத்த புகைப்படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி இருக்கக்கூடும், வேர்டு கோப்புக்குள் எழுதியவர் பெயரும் பழைய குறிப்புகளும் ஒளிந்திருக்கும், குரல் என்பதே ஓர் அடையாளம். எந்த எண் யாருடையது என்ற திறவுகோல் பட்டியலைத் தரவோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள். தனி இடத்தில், கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்து வையுங்கள். அதற்கான வெராகிரிப்ட் மென்பொருள் இலவசம்தான், அது போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களின் தரவு என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை: அங்குள்ள ஜிடிபிஆர் சட்டப்படி, திறவுகோல் இருக்கும்வரை எண் போட்ட தரவும் தனிநபர் தரவாகவே கருதப்படும். இன்னொன்று, நேர்காணல் ஒலியைத் தானாக எழுத்தாக்கித் தரும் இணையச் சேவைகளில் ஏற்றுவது மூன்றாம் நபரிடம் தரவைக் கொடுப்பதுதான், அதற்கும் படிவத்தில் இடம் இருக்க வேண்டும்.

3. கோப்புறையும் கோப்புப் பெயரும்

எப்போது: முதல் கோப்பு உருவாகும் முன். ஒரு மதியம் போதும்.

எண் போட்ட ஐந்து கோப்புறை போதும்: 0 ஆவணங்கள், 1 மூலத் தரவு, 2 சுத்தம் செய்தது, 3 பகுப்பாய்வு, 4 வெளியீடு. அதற்குள் மேலும் இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். பதினோரு அடுக்கு கட்டி அழகு பார்ப்பவர்கள் உண்டு. விண்டோஸில் பாதையும் பெயரும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் கோப்பைத் திறக்கவே மறுக்கும்.

பெயரில் தேதி முதலில், வருடம்-மாதம்-நாள் வரிசையில்: 2025-03-14_நேர்காணல்_கு07_வ02 (வ02 என்றால் இரண்டாம் வடிவம்). இப்படி வைத்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். படிக்க வசதியாக நான் தமிழில் எழுதியிருக்கிறேன். நிஜத்தில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இடைவெளி வேண்டாம். வேறு கணினிக்கோ சர்வருக்கோ போகும்போது தமிழ்ப் பெயர்கள் சில மென்பொருள்களில் உடைகின்றன. எண்களை 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள், இல்லாவிட்டால் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். "கடைசி", "இறுதி", "உண்மையான இறுதி" வகைப் பெயர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

4. மூலத் தரவைப் பூட்டுங்கள்

எப்போது: தரவு வந்த அன்றே.

கருவியிலிருந்து, ரெக்கார்டரிலிருந்து, கருத்துக்கணிப்புத் தளத்திலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஒரு பிரதி. அதைப் படிக்க மட்டும் என்ற அமைப்பில் வைத்துவிடுங்கள். எந்தத் திருத்தமும் "2 சுத்தம் செய்தது" கோப்புறையில் இருக்கும் பிரதியில்தான். வெளிப்படையான தட்டச்சுப் பிழையைக்கூட மூலத்தில் திருத்தாதீர்கள், சுத்தம் செய்த பிரதியில் திருத்தி, என்ன திருத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

கூடவே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்புக் குறியீட்டை எடுத்து ஒரு பட்டியலாக வையுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு முழுக்க வேறாகிவிடும். மூன்று வருடம் கழித்து ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்கும்போது அதே கோப்புதானா என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் இதற்கான கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கையெழுத்துக் குறிப்பேடுகளும் மூலத் தரவுதான். அன்றன்று மாலையே ஸ்கேன் செய்து தேதியோடு போட்டுவிடுங்கள்.

5. எக்செல் வைக்கும் கண்ணிகள்

எக்செல் வேண்டாம் என்று சொல்லவரவில்லை, எல்லோரும் அதில்தான் தொடங்குகிறோம். ஆனால் அது கேட்காமலே உங்கள் தரவை மாற்றும். சில மரபணுக்களின் சுருக்கப் பெயர் மார்ச்1, செப்ட்2 என்று இருந்தது. எக்செல் அவற்றைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது! எக்செல்லில் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி 2023இல்தான் வந்தது. அமைப்புகளுக்குள் போய் அதை முதலில் நிறுத்துங்கள்.

அடுத்தது எண்கள். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கிவிடும், ஆகவே 16 இலக்க அடையாள எண் எதையும் எண்ணாகத் தட்டாதீர்கள். 00417 என்பது 417 ஆகிவிடும். இப்படிப்பட்ட நெடுவரிசைகளைத் தட்டத் தொடங்கும் முன்பே உரை வடிவத்துக்கு மாற்றுங்கள், பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. வரிசைகளுக்கும் எல்லை உண்டு: இப்போதைய வடிவத்தில் 10,48,576, பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 மட்டுமே. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் கணக்கில் வராமல் போனதற்குக் காரணம் இந்தப் பழைய வடிவம்தான்.

நிறத்தில் தகவல் வைக்காதீர்கள். மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் நீக்கியது என்று உங்களுக்குத் தெரியும்; சிஎஸ்வியாக (மதிப்புகளை மட்டும் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சாதாரண உரைக் கோப்பு) சேமித்தால் நிறம் எல்லாம் போய்விடும். "சந்தேகம்" என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். கட்டங்களை இணைக்காதீர்கள், ஒரு கட்டத்தில் ஒரு தகவல், முதல் வரிசையில் தலைப்பு, அவ்வளவுதான். விடுபட்ட பதிலுக்கு ஒரே குறியை வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் வெற்று, ஓரிடத்தில் 0, ஓரிடத்தில் 999 என்று இருந்தால், அந்த 999ஐ யாரோ வயதாக எடுத்துக்கொண்டு சராசரி போடுவார்கள்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கூடுதல் தொல்லை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்ற முறையில் சேமித்த சிஎஸ்வியை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்தால் பல நேரம் குப்பை எழுத்துகள் வரும். அப்படியே சேமித்துவிட்டால் போச்சு. தரவு மெனு வழியாக இறக்குமதி செய்து, குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, கண்ணுக்கே தெரியாது. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே யூனிகோடு குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சொல் எண்ணிக்கை தப்பாக வரும். எல்லா உரையையும் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பைத்தானில் ஒரு வரிதான். பழைய எழுத்துரு முறைகளில் தட்டிய கோப்புகள் இருந்தால் அவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் தனியே வைத்திருங்கள்.

6. ரீட்மீ கோப்பும் மாறி அகராதியும்

எப்போது: தரவு எடுத்த வாரத்திலேயே. பிறகு எழுதலாம் என்று விட்டால் நினைவிலிருந்து கதைதான் எழுதுவீர்கள்.

ரீட்மீ ஒரு சாதாரண உரைக் கோப்பு: இந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது, யார், எப்போது, எந்தக் கருவியால் எடுத்தது, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன நீக்கப்பட்டது, ஏன். அந்த "ஏன்"தான் முக்கியம். 12ஆம் மாதிரியை விட்டதற்கான காரணத்தை வைவா எனும் வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

மாறி அகராதி ஓர் அட்டவணை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், அலகு, அனுமதிக்கப்பட்ட மதிப்புகள், விடுபட்டால் என்ன குறி. "வருமானம்" என்று மட்டும் போட்டால் மாதமா, ஆண்டா, ஒருவருடையதா, குடும்பத்துடையதா? எழுதிவிட்டு, உங்கள் ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஒரு வரிசையை விளக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே இன்னும் எழுத வேண்டும்.

நிரல் எழுதிப் பகுப்பாய்வு செய்பவர்கள், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்துவைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துங்கள். நிரலுக்கு மட்டும், 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை, கிட் நிரல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் ஏற்காது, நேர்காணல் தரவை அங்கே ஏற்றவே கூடாது.

7. பேக்கப்

எப்போது: முதல் வாரம். செலவு: இரண்டு வெளி ஹார்ட் டிஸ்கின் விலை. இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விதி எளிது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, பல்கலைக்கழக சர்வரிலோ கிளவுடிலோ ஒன்று. பென் டிரைவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கோப்பை இங்கிருந்து அங்கே கொண்டுபோக மட்டும்.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம்: கிளவுடோடு ஒத்திசைவு வைத்திருப்பது பேக்கப் ஆகாது. லேப்டாப்பில் ஒரு கோப்பை அழித்தால் கிளவுடிலும் அழியும், பழுதான கோப்பும் அப்படியே மேலே போகும், பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் வந்தால் பூட்டிய கோப்புகளும் மேலே போகும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்; இரண்டு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. ஆகவே ஹார்ட் டிஸ்கை எப்போதும் செருகியே வைக்காமல், பேக்கப் முடிந்ததும் கழற்றி வையுங்கள். மேற்கோள்களைச் சேகரிக்கும் ஸோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதன் தரவுக் கோப்புறையை ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள், தரவுத்தளம் பழுதாகும்.

நிறுவனத்து சர்வரில் இருக்கிறது, எனக்கென்ன கவலை என்று இருந்துவிடவும் முடியாது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், பேக்கப் எடுக்கும் நிரலில் நடந்த கோளாறால் ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அழித்தது பேக்கப் நிரலேதான்.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் எடுப்பதில்லை. டிஸ்கைக் குறியாக்கம் செய்திருந்தால் மீட்புச் சாவியை அதே டிஸ்கிலோ லேப்டாப்பிலோ வைக்காமல், தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

8. களஞ்சியத்தில் சேர்ப்பது

எப்போது: ஆய்வேடு சமர்ப்பிக்க ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் உங்கள் துறைக்கென்று களஞ்சியம் இருக்கிறதா என்று ரீ3டேட்டா பட்டியலில் தேடுங்கள். மரபணு வரிசைகளுக்கு ஜென்பேங்க், சமூக அறிவியலுக்கு ஐசிபிஎஸ்ஆர் என்று பல உண்டு. இல்லாவிட்டால் பல்கலைக்கழகக் களஞ்சியம், அதுவும் இல்லாவிட்டால் பொதுக் களஞ்சியம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட் வரை ஏற்றலாம். ஓஎஸ்எஃப் தளத்தில் திறந்த திட்டத்துக்கு 50, மூடிய திட்டத்துக்கு 5 ஜிகாபைட். டிரையட் என்ற களஞ்சியத்தில் கட்டணம் உண்டு, ஆனால் சில பல்கலைக்கழகங்களும் இதழ்களும் உங்கள் சார்பில் கட்டிவிடும். காசு கொடுக்கும் முன் நூலகத்தில் கேளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அறநெறி அனுமதிக் கடிதம், வெற்று ஒப்புதல் படிவம், ரீட்மீ, மாறி அகராதி, இணை ஆசிரியர்களின் சம்மத மெயில், ஆர்கிட் எண். ஆர்கிட் என்பது ஆய்வாளருக்கான நிரந்தர அடையாள எண், இலவசம், சில நிமிடத்தில் கிடைக்கும். ஆள் வைத்துச் சரிபார்க்கும் களஞ்சியங்களில் கேள்வியும் பதிலுமாக வாரக்கணக்கில் இழுக்கும், ஸெனோடோவில் அன்றே வெளியாகிவிடும். அன்றே வெளியாவதில் ஓர் ஆபத்தும் உண்டு, யாரும் சரிபார்ப்பதில்லை, பெயர் நீக்காமல் விட்ட கோப்பு போனால் போனதுதான். பொத்தானை அழுத்தும் முன் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தரவுக்கான நிரந்தர அடையாள எண்ணான டிஓஐயைத் தரவு வெளியாகும் முன்பே ஒதுக்கி வாங்கிக்கொள்ளலாம், ஆய்வேட்டில் அந்த எண்ணைப் போட்டுவிடலாம், தரவு பிறகு வெளியாகட்டும். கட்டுரை இன்னும் வரவில்லை என்றால் தடைக்காலம் வைத்து ஒரு வருடம் மூடி வையுங்கள். உரிமத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 என்றால் பயன்படுத்துபவர் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், சிசி0 என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. மற்றவர் தரவிலிருந்து எடுத்து உருவாக்கியது என்றால் அவர்களுடைய உரிமத்தைப் படிக்காமல் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

9. வெளியேறும் முன்

எப்போது: கணக்கு மூடப்படும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு.

மென்பொருள் உரிமமும் மாணவர் கணக்கோடு போய்விடும் என்பதால் முதலில் ஏற்றுமதி. புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸின் கோப்புகளை சிஎஸ்வியாகவும், மதிப்புக் குறிப்புகளைத் தனிக் கோப்பாகவும் எடுங்கள். வெறும் சிஎஸ்வியில் 1 ஆணா 2 ஆணா என்று தெரியாது. நேர்காணல் போன்ற உரைத் தரவைப் பகுக்கும் என்விவோ வகை மென்பொருளில் இருப்பதை ரெஃபி கியூடிஏ என்ற பொது வடிவத்தில் எடுத்தால் வேறு மென்பொருளிலும் திறக்கலாம். ஆய்வேட்டையும் படிவங்களையும் நீண்டகாலச் சேமிப்புக்கான பிடிஎஃப்/ஏ வடிவத்தில் வையுங்கள்.

பல்கலைக்கழக மின்னஞ்சலில் பதிவு செய்த தளங்கள் எல்லாவற்றிலும் சொந்த மின்னஞ்சலைச் சேருங்கள்: ஆர்கிட், களஞ்சியம், கிட்ஹப், ஸோட்டெரோ, இதழ்களின் கட்டுரைத் தளங்கள். பல்கலைக்கழக கிளவுடில் நீங்கள் உரிமையாளராக இருக்கும் பகிர்வுக் கோப்புறைகளின் உரிமையை நெறியாளருக்கோ குழுவில் இருப்பவருக்கோ மாற்றுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கணக்கோடு அவர்கள் வேலையும் மறையும்.

பிறகு எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதை நிதி தந்தவரின் விதியில் பாருங்கள். ஜெர்மன் ஆய்வு நிதியம் பத்து ஆண்டு என்கிறது, பல இடங்களில் இதே அளவுதான். அதுவரை பொறுப்பு யாருக்கு, பிரதி எங்கே என்று ஒரு பக்கத்தில் எழுதி நெறியாளரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். திறவுகோல் பட்டியலை அழிப்பதாக ஒப்புதல் படிவத்தில் சொல்லியிருந்தால் அந்தத் தேதியில் எல்லாப் பிரதிகளிலும் அழித்து, அழித்த தேதியை ரீட்மீயில் எழுதுங்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால் கோப்பை நீக்கினால் மட்டும் போதாது, கணினிப் பிரிவிடம் சொல்லி டிஸ்கை முழுதாகத் துடைக்கச் செய்து, அதற்கு ஒரு உறுதி மெயிலும் கேட்டு வாங்குங்கள்.